இரண்டாம் ராசாவின் அளவு

செவன் கிங்ஸ், லண்டன்
15 செப்டம்பர் 2024

அன்பும் மரியாதையும் நிறைந்த எமில்டா அக்காவுக்கு,

தம்பி அருட்பிரகாசம் எழுதுவது. நானும் றஜீனாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் காதுக் கருவியின் சுகத்தையும் அறிய ஆவல். போன ஞாயிறு நீங்களும் நானும் போனில் கத்திக் கதைத்ததைச் சண்டை என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். ஆகவே முந்திய மாதிரி இனிக் கடிதம்தான். உங்களுக்கும் தையல் கடைத் துணித்துண்டு வைத்து அனுப்ப வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்து வருகிற சனிக்கிழமை எங்கள் கூத்து. இந்த முறை கதையில் கை வைத்தவர் டொக்டர் வைத்தியநாதன். கும்பகோணத்துக்காரர். எங்கள் கூத்தைப் பார்க்க வந்து வந்து, போன வருஷம் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். கூட்டத்தில் எழும்பி, "நீங்க வருஷா வருஷம் ஜெயிச்ச ராஜாவையே போடறீங்க. எங்க ஊர்ப் பக்கம் தோத்துக்கிட்டே நாப்பது வருஷம் ஆண்ட ஒருத்தர் இருக்காரு, அவரைப் போட்டா என்ன?" என்றார்.

மூன்றாம் இராசராசனாம். சோழ ராசாக்களில் கடைசிக்கு முந்தின ஆள். பாண்டியனுக்குத் திறை கட்டமாட்டேன் என்று படையோடு போய், அடி வாங்கி, வடக்கே ஓடி, வழியில் தனக்குக் கீழே இருந்த கோப்பெருஞ்சிங்கனிடமே பிடிபட்டு, சேந்தமங்கலத்தில் சிறை கிடந்தவன். கடைசியில் கன்னட நாட்டு ஹொய்சாள ராசா துவாரசமுத்திரத்திலிருந்து படை அனுப்பித்தான் வெளியே எடுத்தாராம். இவனும் ஒரு ராசாவா அக்கா? ஆனால் எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சண்முகராசாவுக்குக் கதை பிடித்துவிட்டது. அவர் பிடித்தால் விடமாட்டார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரே ராசாவுக்கு இரண்டு பேர். விடிய விடிய ஆட ஒருவனுக்கு மூச்சுக் காணாது என்று ஊரில் வைத்ததை, மூன்று மணி நேர லண்டன் கூத்துக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். முதல் ராசா முடியும் வாளுமாகக் கொலுவுக்கு வருவான். இரண்டாம் ராசா பாதிக்குப் பிறகு வந்து, இந்தக் கதைப்படி, கட்டுண்டு கிடந்து அழுது பாடுவான். பன்னிரண்டு வருஷமாக முதல் ராசா நான்தான். ஒக்டோபரில் பாத்திரம் பிரிப்பார்கள். அது சும்மா ஒரு சடங்கு. ஏழு ராசாக்களின் பெயர் வைத்த ஊரில் எட்டாவது ராசா நான் என்று றஜீனா சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வருஷ உடுப்பு வாள்சண்டையில் முதுகுப் பக்கம் கிழிந்தது நினைவிருக்கும். புதிதாக ஒன்று தைக்க வேண்டும். துணி பார்த்து அனுப்புங்கள்.

உங்கள் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் சேர்த்துச் செபிக்கும்,
தம்பி அருட்பிரகாசம்


லா கூர்நேவ், பாரிஸ்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் நல்ல சுகம். காதுக் கருவியும் சுகம், என்னைவிட நன்றாகச் சீட்டி அடிக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறாயா, அல்லது ராசாவுக்கு எதற்கு எண்ணெய் என்று இருக்கிறாயா?

மூன்று துணித்துண்டு இந்தக் கடிதத்தோடு குத்தியிருக்கிறேன். சிவப்பு வெல்வெட் எனக்குப் பிடித்தது. தோற்ற ராசா என்றால் என்ன, தோற்கிற நேரத்தில் நல்ல உடுப்புப் போடக்கூடாது என்று சட்டமா? கரைக்குத் தங்க ஜரிகை வைக்கலாம். கடையில் கலியாண பிளவுசுகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன, என்றாலும் உன் உடுப்பை இரவல் ஊசிக்கு விடமாட்டேன். புது அளவு எடுத்து அனுப்பு. பழைய அளவை நம்பித்தான் முதுகு கிழிந்தது.

இன்னொன்று. பன்னிரண்டு வருஷமாக உனக்கு ராசா உடுப்புத் தைக்கிறேன். ஒரு வருஷமாவது மேடையில் பார்த்தேனா? சனிக்கிழமை என்றால் கடையை விட்டு அசைய ஏலாது. எழுபத்தொரு வயதாகிவிட்டது தம்பி. இந்த முறை கடைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன். ராசா முதன்முதல் ஆடி வருகிற வரவுக்கு உரித்துள்ள சொந்தக்காரர் மேடையேறி மாலை போடுவார்களே, இவ்வளவு காலமும் றஜீனா போட்டது போதும். இந்த முறை மாலை என் கையால்.

மருமகள்மார், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுகம். உன் ராசா முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
எமில்டா அக்கா


செவன் கிங்ஸ்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். பதில் பிந்திவிட்டது, மன்னிக்கவும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கை எழுத வராது.

பாத்திரம் எல்லாம் நல்லபடியாகப் பிரித்தாயிற்று. கோப்பெருஞ்சிங்கன் நவரத்தினம். அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாரே, பெரிய மீசைக்காரர், அவர்தான். மீசைக்காகவே கொடுத்ததாகக் கேள்வி. ஹொய்சாளத் தளபதி டொக்டர் வைத்தியநாதன். எங்கள் குழுவில் சோழ நாட்டில் பிறந்தவர் அவர் ஒருவர்தான், அவர் போய்க் கன்னடப் படைக்குத் தலைவர். துஷாந்தன் என்று ஒரு பொடியனும் சேர்ந்திருக்கிறான். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறான், வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் திருத்துகிற வேலை, சுவிசில் இருந்து வந்தவன். குரல் பரவாயில்லை.

சிவப்பு வெல்வெட் நல்லது. அளவு இதோ. உயரம் ஐந்தடி எட்டு. மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்திரண்டு. கொஞ்சம் மெலிந்திருக்கிறேன்.

நீங்கள் இந்தக் குளிருக்குள் கஷ்டப்பட்டு வரவேண்டும் என்றில்லை அக்கா. வீடியோ எடுத்து அனுப்புகிறேன். கடை வியாபாரத்தையும் பாருங்கள்.

றஜீனா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.
அன்புடன்,
அருட்பிரகாசம்


லா கூர்நேவ்
14 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அளவும் கிடைத்தன. நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன வருஷம் நாற்பத்திரண்டாக இருந்த இடுப்பு இப்போது முப்பத்திரண்டு என்றால், றஜீனா உனக்குச் சோறு போடுகிறாளா இல்லையா?

ஏப்ரல் கடைசியில் வெயில்தான் இருக்கும் தம்பி. எந்தக் குளிரைச் சொல்லி என்னைத் தடுக்கிறாய்?

சரி, இடுப்புக் குறையலாம். பட்டினி கிடந்தால் குறையும். நான் ஐம்பது வருஷமாக அளவு நாடாவோடு சீவிக்கிறவள். அறுபத்தாறு வயதில் ஒரு ஆம்பிளை இரண்டு அங்குலம் வளர்ந்ததை இன்றுதான் காண்கிறேன். செவன் கிங்ஸ் தண்ணீர் அவ்வளவு நல்லதென்றால் எனக்கும் ஒரு போத்தல் அனுப்பு.

அனுப்பிய அளவுக்கே தைக்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை. ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன், காசு திரும்பத் தராத டிக்கெட்.

எப்போதும் உன்னைவிட ஐந்து வயது மூத்த,
எமில்டா அக்கா


செவன் கிங்ஸ்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாலன் பிறப்பு வாழ்த்துகள். நாங்கள் சுகம். உயர விஷயம் ஒன்றுமில்லை, சப்பாத்தோடு அளந்துவிட்டார்கள். இடுப்புக்குக் காரணம் பாகற்காய். தினமும் செவன் கிங்ஸ் பார்க்கில் நடக்கிறேன், குளத்து வாத்துகளுக்கெல்லாம் என்னைத் தெரியும்.

கூத்துப் பழகுவது நன்றாகப் போகிறது. இந்த மூன்றாம் இராசராசனைப் பற்றி முதலில் கொஞ்சம் கேலியாக எழுதிவிட்டேன். இப்போது டொக்டரிடம் கேட்டுக் கேட்டு அறிந்ததில், ஆள் அவ்வளவு மட்டம் இல்லை. பாட்டன் பூட்டன் கட்டியாண்ட நாடு இவன் கைக்கு வரும்போதே உளுத்துப்போய்விட்டது. தெற்கே பாண்டியன், வடக்கே கோப்பெருஞ்சிங்கன், நடுவில் இவன். இருந்தும் நாற்பது வருஷம் இருக்கையை விட்டு எழும்பவில்லையே.

டொக்டர் இன்னொன்று சொன்னார். இவன் சிறைப்பட்ட கதையும் மீண்ட கதையும் திருவயிந்திரபுரத்துக் கோயில் கல்லில் வெட்டியிருக்கிறதாம். அந்தக் கல்வெட்டு எந்த ஆண்டில் வெட்டியது என்று எப்படிக் குறித்திருக்கிறார்கள் தெரியுமா? இராசராச தேவர் ஆட்சிக்கு வந்து பதினைந்தாவது ஆண்டு என்று. ராசாவைக் கட்டிக் கொண்டுபோன செய்திக்கே அந்த ராசாவின் ஆண்டுக் கணக்கு! எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஒரு சந்தேகம். சிறையில் இருக்கிற ராசா தோளில் சால்வை போட்டிருப்பானா, வெறும் மேலோடு இருப்பானா? அழுகைப் பாட்டை இருந்தபடி பாடினால் அடி வயிற்றில் இருந்து குரல் வருமா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். சும்மா அறியத்தான்.

புத்தாண்டு வாழ்த்துகளோடு,
தம்பி


லா கூர்நேவ்
8 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷம் உனக்கும் றஜீனாவுக்கும் நல்ல சுகத்தைக் கொண்டுவரட்டும். எனக்கு இருமல், மற்றப்படி சுகம். சிவப்பு உடுப்பு முக்கால்வாசி முடிந்தது. ஜரிகை தைக்கத் தைக்கக் கண் கூசுகிறது.

உன் சந்தேகத்துக்குப் பதில். சால்வை போட்டிருப்பான். ராசாவைப் பிடித்தவனும் ஒரு ராசாதானே, அந்த மரியாதை தெரியாதவனா? இருந்து பாடினாலும் குரல் வரும். கோயிலில் நீ முழந்தாளில் இருந்து பாடியதற்கு ஊரே திரும்பிப் பார்த்தது.

இனி என் சந்தேகம். முதல் ராசா சிறைக்குப் போவதே இல்லை. அதற்கு முதலே உடுப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் தேத்தண்ணி குடிக்கிறவன். அவனுக்கு ஏன் சால்வையைப் பற்றி இவ்வளவு கவலை?

தம்பி, நேராகவே கேட்கிறேன். இந்த முறை நீ இரண்டாம் ராசாதானே? இந்த வெல்வெட் அந்தக் கொதிகலன் பொடியனுக்குத்தானே? எழுது. எழுதாவிட்டாலும் வருவேன்.

அன்புள்ள,
அக்கா


லா கூர்நேவ்
20 பெப்ரவரி 2025

என் அன்புத் தம்பிக்கு,

சுகமா? ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்டது பிழை என்றால் பிழைதான். நேற்று றஜீனாவுக்குப் போன் எடுத்தேன். அவள் கத்தியதில் பாதி விளங்கியது. நீ மூன்று கிழமையாகக் கூத்துப் பழகப் போகவில்லையாம். சண்முகராசா வீடு தேடி வந்தபோது, நித்திரை என்று சொல்லச் சொன்னாயாம், பின்னேரம் நாலு மணிக்கு. தோட்டத்துக் கொட்டிலுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தனியே பாடுகிறாயாம். பாடுகிறாய் என்று கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மாலையோடு வருவேன், வேறொருவன் முடியோடு நிற்பான், நீ திரைக்குப் பின்னால் கயிற்றோடு நிற்பாய், அதை நான் பார்க்கக்கூடாது. இதுதானே?

அடேய், நீ எனக்கு எழுதிய கல்வெட்டை நீயே மறந்துவிட்டாயா? கட்டுப்பட்டுக் கிடந்த வருஷமும் அவன் ஆட்சிக் கணக்கில்தான் சேர்ந்தது என்று எழுதியவன் நீ. நான் அதைக் கடைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி கண் கலங்கிவிட்டாள், அவளுக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ.

நீ மேடையேறாவிட்டால் எனக்கு லண்டனில் பார்க்க ஒன்றுமில்லை. அந்த ராசாவைக் கட்டுண்டபடி விட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் இருக்காதே.

உன் பதிலுக்காகத் தபால்காரனைத் தினமும் மறிக்கும்,
அக்கா


செவன் கிங்ஸ்
16 மார்ச் 2025

என் அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். தவக்காலம் என்பதால் உண்மையும் எழுதுகிறேன்.

ஒக்டோபரில் பாத்திரம் பிரித்த அன்று சண்முகராசா என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. வரவுக்கு ஆறு சுத்து ஆடவேணும், உங்கட முழங்காலுக்கு ஏலாது. ஆனா குரல் இன்னும் ராசாக் குரல்தான். இருந்து பாடுற பாட்டெல்லாம் உங்களுக்கு வைச்சிருக்கிறன்" என்றார். ஏலும் என்று ஆடிக் காட்டினேன். மூன்றாவது சுற்றில் நவரத்தினத்தின் மேல் போய் விழுந்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இப்பவே பிடிச்சிட்டன், சிறைக்குக் கொண்டுபோகவோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து றஜீனாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது அக்கா. வராத அக்கா ஒரு முறை வருகிறா, அந்த முறை பார்த்து என் முடி போய்விட்டதே என்று. அதனால் இந்த முறை முதல் ராசாவான துஷாந்தனின் அளவை என் அளவாக எழுதினேன். அளவு நாடாவோடு பிறந்த ஆளிடம் போய்.

பெப்ரவரிக் கடைசியில் எங்கள் கொதிகலன் பழுதாகிவிட்டது. றஜீனா என்னைக் கேளாமல் துஷாந்தனுக்குப் போன் எடுத்துவிட்டாள். அவன் குசினிக்குள் நிலத்தில் படுத்துக்கொண்டு, தலை கொதிகலனுக்குக் கீழே, வேலை செய்துகொண்டே ராசா வரவைப் பாடினான். நான் பன்னிரண்டு வருஷம் பாடிய மெட்டு. றஜீனா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை அப்படி நிற்கப் பார்த்து நாளாகிவிட்டது. அவன் நன்றாகப் பாடுகிறான் அக்கா. அதுதான் உண்மை, அதுதான் கோபமும்.

தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன், உனக்கு மாலை போட யார் வருகிறார்கள் என்று. "எனக்கு ஆரண்ணை இருக்கினம்? அம்மா சுவிசில, அவவுக்கு நடக்க ஏலாது. நானே ஒண்டை வாங்கித் திரைக்குப் பின்னால வைக்கப்போறன். ஆரையாவது பிடிச்சுப் போடச் சொல்லுவம்" என்று சொல்லிச் சிரித்தான். ராசா தன் மாலையைத் தானே வாங்கி வைக்கிறதா? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பழகப் போனேன். சண்முகராசா கயிற்றை எடுத்துத் தந்தார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் கொண்டுவருகிற மாலையைத் துஷாந்தனுக்குப் போடுங்கள். எனக்காகப் போடுங்கள். எனக்கு மாலை வராது, கட்டுண்ட ராசாவுக்கு மாலை போடுவது பிணத்துக்குப் போடுவது போல என்று எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். அது பரவாயில்லை. நீங்கள் முன்வரிசையில் இருந்தால் எனக்குக் காணும்.

வெட்கம் பாதி குறைந்த,
தம்பி அருட்பிரகாசம்


லா கூர்நேவ்
30 மார்ச் 2025

என் தங்கத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், ஒரு தரம் அழுதுகொண்டும் ஒரு தரம் சிரித்துக்கொண்டும். நவரத்தினத்தின் மேல் விழுந்த இடத்தில் சிரித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு மாலை நான் போடுகிறேன். அவன் தாயிடம் சொல்லச் சொல், பாரிசில் இருந்து ஒரு பெரியம்மா வருகிறாள் என்று. உடுப்பு முடிந்தது. பெட்டியில் வைத்தால் கசங்கும், மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

கட்டுண்ட ராசாவுக்கு மாலை போடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். முறையை நான் மீறமாட்டேன்.

ரயிலில் சின்னக் கத்தரிக்கோல் கொண்டுவரலாமா என்று மகனைக் கேட்டேன், கொண்டுபோகலாம் என்கிறான். நல்லது. அது கைப்பையில் இல்லாவிட்டால் எனக்கு உடுப்பில்லாமல் வெளியே போன மாதிரி இருக்கும்.

கூத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்திப்போம். ஆட்டிறைச்சிக் கறி வைக்கச் சொல், தவக்காலம் முடிந்துவிடும்.

அக்கா


செவன் கிங்ஸ்
4 மே 2025

சேந்தமங்கலத்தை வென்ற எமில்டா அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அறிந்து சந்தோஷம். நாங்கள் சுகம். முழங்கால் வீங்கியிருக்கிறது, அதற்குக் காரணம் நீங்கள்தான். சனிக்கிழமை ஆடி முடிய ஒன்பது மணி, ஞாயிறு விடிய உங்களுக்கு ரயில். கதைக்க நேரமே இல்லை. மண்டபத்துச் சத்தத்தில் உங்கள் கருவி சீட்டி அடித்ததால் நீங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டதாக றஜீனா சொன்னாள். ஆகவே உங்கள் காதுக்கு எட்டாததை எல்லாம் எழுதுகிறேன்.

துஷாந்தன் சிவப்பு வெல்வெட்டோடு வந்தபோது மண்டபம் "ஆ" என்றது. நீங்கள் மாலை போட்டீர்கள். அவன் அடுத்த அடியை மறந்து நின்றானே, எல்லாரும் அதை நடிப்பென்று நினைத்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "பார், நாடு போகப் போகுது எண்டு இப்பவே ராசாவுக்கு விளங்கிட்டுது" என்றாராம். நான் திரை ஓட்டையால் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமை இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவன் முகத்தைப் பார்க்க அது போய்விட்டது.

பிறகு என் முறை. பலகையில் இருத்தி, தூணோடு கட்டி, சால்வையும் போட்டுவிட்டார்கள். இரண்டாவது பாட்டைத் தொடங்க, வலப்பக்கப் படியில் நீங்கள் ஏறுவதைக் கண்டேன். ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் இன்னொரு மாலை. காவல்காரப் பொடியள் இரண்டும் ஈட்டியை நீட்டுவதா விடுவதா என்று திகைத்தார்கள். ஒருவன், "அன்ரி, இப்ப வரக்கூடாது" என்றான். உங்களுக்குக் கேட்கவில்லை. நவரத்தினம் தான் கோப்பெருஞ்சிங்கன் என்பதை மறந்து எழும்பி, "டேய், அக்காவுக்கு வழி விடுங்கோடா!" என்று கத்தினார். அதற்கு மண்டபம் சிரித்த சிரிப்பு வீதிக்குக் கேட்டிருக்கும்.

நீங்கள் மாலையைப் பலகையில் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தபோதுதான் எனக்கு உங்கள் கடைசிக் கடிதம் நினைவுக்கு வந்தது. கத்தரிக்கோல்! முறையை மீறமாட்டேன் என்றீர்கள், மீறவில்லை. கட்டை அறுத்துவிட்டுத்தான் மாலை போட்டீர்கள். சண்முகராசாவின் தாளம் கையிலேயே நின்றுவிட்டது. மத்தளக்காரர் மாத்திரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, என்னை மீட்க வாளோடும் படையோடும் பாய்ந்து வந்தார் ஹொய்சாளத் தளபதி. வந்து பார்த்தால் ராசா ஏற்கெனவே கட்டவிழ்ந்து மாலையோடு நிற்கிறான். டொக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாளைத் தோளில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, நாங்க துவாரசமுத்திரத்துலேருந்து இவ்வளவு தூரம் வந்தது வீணா?" நீங்கள் வாயசைவைப் பார்த்து என்ன விளங்கினீர்களோ, "சரி சரி, இனி நீங்கள் ஆடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவராலும் பாட முடியவில்லை. கோப்பெருஞ்சிங்கன் மீசை கழன்று விழ விழச் சிரித்தார். உண்மை மீசைக்கு மேல் ஒட்டு மீசையும் வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரியும்.

மீண்ட ராசா முடி சூட வேண்டிய கட்டம் வந்தது. முடியைத் திரைக்குப் பின்னால் முதல் ராசாவிடம் வாங்கி இரண்டாம் ராசா வைத்துக்கொள்வதுதான் வழக்கம். துஷாந்தன் அதைக் கையில் ஏந்தி மேடைக்கே வந்துவிட்டான். ஒரே ராசா இரண்டு பேராக நிற்க, ஒருவன் மற்றவனுக்கு முடி வைத்ததை எங்கள் ஆட்கள் இதுவரை கண்டதில்லை. நான் சண்முகராசாவைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். ஒரு சுற்று ஆடினேன். ஒன்றே ஒன்று. அதுதான் இந்த வீக்கம்.

அக்கா, நீங்கள் மாலை போட்டபோது நான் அழுதது கூத்துக்காக அல்ல. பன்னிரண்டு வருஷம் வென்ற ராசாவாக மாலை வாங்கியிருக்கிறேன். தோற்ற ராசாவாக வாங்கிய இந்த ஒன்றுதான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காய்ந்துவிட்டது, றஜீனா எடுக்க விடுகிறாள் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிய எல்லாரும் மண்டபத்தைக் கூட்டப் போனோம், அங்கே ஒரு பெரியவர் வந்து, சேந்தமங்கலத்தில் ஒரு பெண் வந்து கயிறு அறுத்ததாக எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கோபமாகக் கேட்டார். டொக்டர், "இல்லீங்கய்யா, இனிமே வெட்டிடலாம்" என்றார்.

அடுத்த வருஷத்துக்கு எந்த ராசா வேண்டும் என்று சண்முகராசா என்னைக் கேட்டார். இரண்டாம் ராசா என்றேன். கேட்டுத்தான் வாங்கினேன்.

உங்களால் மீட்கப்பட்ட,
தம்பி அருட்பிரகாசம்


லா கூர்நேவ்
13 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல சுகம். கருவிக்குப் புது பற்றரி போட்டாயிற்று, இனி டொக்டர் என்ன கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்லுவேன். கடைக்கு வருகிறவர்கள் பிளவுசைப் பற்றிக் கேட்பதில்லை, கயிற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். துஷாந்தனின் தாய் சுவிசில் இருந்து போன் எடுத்தா. நானும் அவவும் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேளாமல் அரை மணி நேரம் சந்தோஷமாகக் கதைத்தோம்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசு. இரண்டாம் ராசாவுக்கும் எண்ணெய் வேண்டும்.

இரண்டாம் ராசாவுக்கு வேட்டியும் பழைய சால்வையும் போதும் என்று யார் வைத்தது? சிறைக்குப் போனவனும் அரண்மனையில் இருந்துதானே போனான்? நீல வெல்வெட் வெட்டி வைத்துவிட்டேன், கரைக்கு அதே ஜரிகை. அளவு அனுப்ப வேண்டாம் தம்பி, நீ அனுப்பினால் எனக்கு நம்பிக்கை இல்லை. மாலை போட்டு உன்னைக் கட்டிப்பிடித்தேனே, அப்போதே கையால் அளந்துவிட்டேன். இடுப்பு நாற்பத்திரண்டு, ஒரு நூல்கூடக் குறையவில்லை.

அக்கா